முயல் வளர்ப்பும் மார்க்க வரம்பும்



தூத்துக்குடித் துறைமுகத்தையொட்டிய முயல் தீவின் பெயரை அறியாதார் நம் கரையோரத்தில் இலர். ஆயினும், முயலை வீட்டில் வளர்த்துத் தோட்டத்து எருவுக்கும் உணவுக்கும் பயன்கொள்ளலாமே என்றால், ‘அது ஆகுமானதா?’ என்ற ஐயமே முதலில் எழுகிறது.

ஆகுமானதே. மக்காவுக்கு அருகிலுள்ள மர்ருழ் ழஹ்ரானில் மக்கள் ஒரு முயலைத் துரத்திக் களைத்துப் போயினர். அனஸ் (ரலி) அவர்கள் அதைப் பிடித்து அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். அவர்கள் அதை அறுத்துத் தொடைக்கறியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்பிவைக்க, பெருமானார் அதை ஏற்றுக்கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உளது. நான்கு மத்ஹபுகளிலும் முயல் ஹலாலே.

முயலுக்கு மாதவிலக்கு உண்டெனக் கூறி அருவருப்போர் உளர். அது மெய்யன்று என்பதை உயிரியல் தெளிவாக்கியுள்ளது. தன் மென்புழுக்கையைத் தானே உண்கிறதே என்பாரும் உளர். உண்பது உண்மையே, முதல் செரிமானத்தில் கிட்டாத சத்தை அது அவ்வாறு பெறுகிறது. அசுத்தம் தின்னும் பிராணியின் இறைச்சியை வாடை மாறினால்தான் நம் இமாம்கள் வெறுக்கத்தக்கது என்றனர். தழை தின்று வளரும் முயலின் கறியில் அத்தகைய மாற்றம் இல்லை.

ஆனால், தேரிக்காட்டில் ஓடித்திரியும் காட்டுமுயல் வேறு. கூட்டில் வளரும் முயல் வேறு. முன்னதைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வளர்ப்பதற்கென நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் உள்ளன. இவை ஏறத்தாழ ஒரு மாதம் சினை தாங்கி, ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனும். அகத்தி, முருங்கை, வேலிமசால், குதிரைமசால் ஆகியவை நல்ல தீனி. ஈரத்தழை வயிற்றைக் கெடுக்கும், வாடவைத்தே இடுக.

இனி எருவைக் கவனிப்போம். நம் கரையோர மண் மணற்பாங்கானது. ஊற்றிய நீர் நில்லாது இறங்கிவிடும். முயற்புழுக்கையில் பசுஞ்சாணத்தைவிடத் தழைச்சத்து மிகுதி. உதிர்ந்த இலைகளோடு அதைக் குவித்து மக்கச் செய்து இட்டால், மணல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கீரையும் கத்தரியும் செழிக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் ஹலாலான பிராணியின் சாணமும் நஜீஸே. எனினும் அதை எருவாக இடலாம். விளைந்த பயிர் தன்னளவில் நஜீஸ் அன்று. எரு பட்ட இடத்தைக் கழுவினால் போதும். எருவள்ளிய கையையும் ஆடையையும் தூய்மை செய்த பின்னரே தொழுகைக்கு நிற்க வேண்டும். அவ்வெருவை விற்பது ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. ஹனஃபீ மத்ஹபில் கூடும். மிஞ்சியதை அண்டை வீட்டாருக்கு இலவசமாகவே ஈந்தால் நன்மையும் உண்டு, பேணுதலும் உண்டு.

சகோதர சகோதரிகளே! இவையனைத்தினும் முதன்மையானது ஒன்று உளது. முயல் வெயில் தாங்காத உயிர். அதற்கு வியர்த்து உடல் குளிரும் இயல்பு இல்லை. நீண்ட காதுகளின் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றும். முப்பது பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் துன்புறும். கடும் வெயிலில் மாண்டும் போகும். முயல் ஆராய்ச்சி நடைபெறும் கொடைக்கானல் மன்னவனூரும் நீலகிரி சாண்டிநல்லாவும் குளிர்ந்த மலைநாட்டில் உள்ளன. நம் தூத்துக்குடியின் சித்திரை, வைகாசி வெயிலை நாம் அறிவோம். ஆகவே தகரக் கூரையின் கீழ் முயலை அடைப்பது கொடுமை. பனையோலை வேய்ந்து, காற்றோட்டமாக, தரையினின்று உயர்த்திக் கூடு அமையுங்கள். நண்பகலில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். மண்சட்டியில் தண்ணீர் வற்றாதிருக்கட்டும்.

ஒரு பூனையை அடைத்துவைத்து, தீனியும் கொடாமல், இரைதேட வெளியேயும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததாக நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கூட்டிலிருக்கும் முயலும் அத்தகைய அமானிதமே. நிழலும் நீரும் தர இயலாதவர் முயல் வளர்ப்பைக் கைவிடுவதே நலம்.

மீனுக்கு அறுப்பு வேண்டுவதில்லை; முயலுக்கு வேண்டும். கழுத்தை முறித்தோ, தலையில் அடித்தோ கொன்றது செத்த பிராணியே, அது ஹராம். கத்தியை நன்கு தீட்டி, மற்ற முயல்களின் கண்ணுக்கு மறைவாக, பிஸ்மில்லாஹ் கூறி, மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முற்றும் அறுபடுமாறு அறுக்க வேண்டும். பாலூட்டும் தாயை அறுத்துக் குட்டிகளைத் தவிக்கவிடலாகாது.

ஹலால் என்பது சட்டியில் தொடங்குவதன்று, கூட்டிலேயே தொடங்குகிறது. வாயில்லா உயிர்களிடத்தும் அல்லாஹ்வை அஞ்சி நடக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.