அலைக்கு முந்த வேண்டிய செய்தி

கடற்கோள் என்னுஞ் சொல்லை நாம் பழைய உரைநூல்களிற் படித்திருந்தோம். அதன் பொருளை 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதியே உணர்ந்தோம்.

அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவுக்கு அண்மையிற் கடலடி நிலம் அதிர்ந்தது. கால்மணி நேரமளவில் ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் அவ்வதிர்ச்சியை அறிவித்துவிட்டது. எனினும், இந்து சமுத்திர நாடுகளுக்கு அபாயச் செய்தியைச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு அந்நாளில் இருக்கவில்லை. நமது கிழக்குக் கரையை அலை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரஞ் சென்றது, அந்நேரம் வீணாயிற்று.

கிழக்குக் கரை மூழ்கிய பின்னரும் தென்மேற்குக்குச் செய்தி முந்தவில்லை. கொழும்பிலிருந்து சென்ற புகையிரதமொன்று, ஒன்பதரை மணியளவிற் பெரலிய என்னுமிடத்தில் அலையில் அகப்பட்டது. அதனை நிறுத்த அதிகாரிகள் முயன்றும், செய்தி உரிய நேரத்திற் போய்ச் சேரவில்லை. ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாயிற்று. வளிமண்டலவியல் திணைக்களம், பொலிசார், முப்படையினர், மாவட்டச் செயலகங்கள் ஆகிய பல தரப்பினரையும் செய்தியால் இணைப்பது அதன் பணி. அதன் 117 என்னுந் தொலைபேசி இலக்கத்தை இல்லந்தோறும் எழுதி வைத்தல் நன்று. ஓர் அலுவலகம் அறிந்ததை அடுத்த அலுவலகம் அறியாவிடின், அறிவிருந்தும் உயிர் போகும் என்பதை நம் மாணவர் மறவாதிருப்பாராக.