சர்மூலாவில் ஊறிச் சுடும் மீன்

மொராக்கோ வீடுகளில் மீனைச் சுடுவதற்கு முன் தடவும் மசாலாவின் பெயர் சர்மூலா. கொத்தமல்லித்தழை, பார்ஸ்லி, பூண்டு, சீரகம், பாப்ரிகா என்னும் காரம் குறைந்த மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய் ஆகியவை சேர்ந்தது அது. உப்பில் ஒரு மாதம்போல ஊறிய எலுமிச்சையின் தோலை நறுக்கிப் போடுவோரும் உண்டு. மிளகாய் இனம் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்தது 1492-க்குப் பிறகுதான். எனவே கலவைக்குச் செந்நிறம் தரும் பாப்ரிகா பிற்காலச் சேர்க்கை. துனிசியாவின் ஸ்பாக்ஸ் நகரத்துச் சர்மூலாவோ வெங்காயமும் உலர்திராட்சையும் சேர்த்துச் சமைப்பது. நோன்புப் பெருநாளில் உப்பிட்ட மீனோடு உண்பார்கள். பெயர் ஒன்று, பண்டம் வேறு.

பூண்டை உப்போடு சேர்த்து உரலில் இடிப்பது வழக்கம். அதன் செல்கள் நசுங்கும்போதுதான் நெடிக்குக் காரணமான அல்லிசின் உருவாகிறது. தழையைக் கத்தியால் பொடியாக அரிந்தால் போதும். எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு மைய அரைத்தால் கிடைப்பது சட்னி.

மீனை ஊறவைப்பதில் பலரும் நம்புகிற அளவுக்கு எதுவும் நடந்துவிடுவதில்லை. உப்பு சதைக்குள் இறங்கும். மற்ற மணங்களில் பெரும்பகுதி மேல்பரப்போடு நின்றுவிடும். முழு மீனின் இரு பக்கமும் ஆழமாகக் கீறி, கீறலிலும் வயிற்றிலும் மசாலாவைத் திணிப்பது அதற்காகவே. எலுமிச்சைதான் கவனம் கேட்கும் பொருள். அதன் புளிப்பு, தீ படுவதற்கு முன்பே புரதத்தைத் திரியச் செய்கிறது. சதை வெளுத்து, சுட்டபின் மாவாக உதிரும். துண்டுகளுக்கு அரை மணி நேரம், முழு மீனுக்கு ஒரு மணி நேரம் போதும். இரவு முழுக்க ஊறவேண்டுமானால் சாற்றைக் கடைசியில் சேர்ப்பதே சரி.

தட்டின் அடியில் உருளைக்கிழங்கு, கேரட், தக்காளி வில்லைகளைப் பரப்பி, மேலே மீனை வைக்கிறார்கள். கிழங்கு வேக நேரமெடுக்கும் என்பதால் அதை முன்பே அரைவேக்காடாக்கிக்கொள்வது நல்லது. தாஜீன் என்னும் கூம்புமூடிச் சட்டியில் சமைத்தால், அடிபிடிக்காமலிருக்க மூங்கில் குச்சிகளையோ செலரித் தண்டுகளையோ குறுக்கும்நெடுக்குமாக அடுக்குவதுண்டு. தெருவுக்குப் பொதுவான ஃபெர்ரான் என்ற விறகடுப்புக்கு, ரொட்டி மாவோடு மீன் தட்டையும் கொடுத்தனுப்புவது பழைய நகரங்களின் பழக்கம்.

வீட்டு அவனில் 200 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோ மீன் சுமார் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். தசை அடுக்குகளை இணைக்கும் கொலாஜன் மீனில் குறைந்த சூட்டிலேயே இளகுவதால், நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டும்போது சதை இதழிதழாகப் பிரியத் தொடங்கும். அதற்குமேல் விட்டால் வறண்டுபோகும்.

சூட்டில் கொத்தமல்லியின் மணம் பெருமளவு பறந்துவிடுகிறது. பச்சை மீன் படாத சர்மூலாவில் இரண்டு கரண்டியைத் தனியே எடுத்துவைத்து, தட்டு வெளியே வந்ததும் மேலே ஊற்றினால் அது ஈடாகும்.