வொண்டர்லா சென்னை: ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை ரைடு?

ஃபைனல் இயர் டூர் எங்கே போறதுன்னு எல்லா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் இப்போ ஒரே சண்டை. அதுல திரும்பத் திரும்ப வர்ற பெயர் வொண்டர்லா. "ரீல்ஸ்ல பார்த்தா செமயா இருக்கு"ன்னு ஒரு கோஷ்டி. "அவ்வளவு காசுக்கு ஒர்த் இல்லடா"ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பக்கமும் சொல்றது உண்மையாவே இருக்கலாம். அது எப்படின்னு கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலாவது செமஸ்டர்ல பி.க்யூ.டி. பேப்பரை எழுதித் தள்ளிட்டு மறந்து போனவங்களுக்கு, அந்த சப்ஜெக்ட் எதுக்குப் பயன்படும்னு இங்கே தெரியும்.

முதலில் அடிப்படைத் தகவல்கள்

வொண்டர்லாவின் கதை 2000-இல் கொச்சியில் வீகாலேண்டு என்ற பெயரில் தொடங்கியது. 2005-இல் பெங்களூரு, 2016-இல் ஹைதராபாத், 2024-இல் புவனேஸ்வர். ஐந்தாவது பூங்கா நம்ம பக்கத்து மாவட்டத்துல, செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூருக்குப் பக்கத்தில் இள்ளலூரில் இருக்கு. 2025 டிசம்பர் 2 முதல் பொதுமக்களுக்குத் திறந்தாங்க. 64 ஏக்கருக்கு மேல் பரப்பு, 611 கோடி ரூபாய் முதலீடு, 43 ரைடுகள்.

இதுல எல்லாரும் பேசுறது தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டர் பத்தித்தான். செய்தது பொலிகர் அண்ட் மாபிலார்டு என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம். அவங்க செய்த இன்வெர்டெட் கோஸ்டர் இந்தியாவுக்கு வந்தது இதுதான் முதல் முறை. சாதாரண கோஸ்டரில் வண்டி தண்டவாளத்துக்கு மேலே ஓடும். இன்வெர்டெட் வகையில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், சீட்டு கீழே தொங்கும். காலுக்குக் கீழே தரை கிடையாது. இதே நிறுவனம் 1992-இல் அமெரிக்காவில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் போட்ட பேட்மேன் ரைடுதான் இந்த வகையில் முதல் கோஸ்டர்.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது?

டேவிட் மேஸ்டர் என்பவர் 1985-இல் வரிசையில் காத்திருப்பவர்களின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சர்வீஸ் துறையில் இருப்பவங்க இன்னைக்கும் அதைப் படிக்கிறாங்க. அதில் அவர் சொல்ற சூத்திரம் ரொம்ப எளிமை. திருப்தி என்பது, நமக்குக் கிடைச்சதா நாம உணர்றதிலிருந்து, நாம எதிர்பார்த்ததைக் கழிச்சா மிஞ்சுவது. அதனால ஒரே ரைடில் ஏறி இறங்கிய ரெண்டு பேரில் ஒருத்தர் சந்தோஷமா வருவார், இன்னொருத்தர் முகத்தைத் தூக்கி வச்சிட்டு வருவார்.

வொண்டர்லா விஷயத்தில் எதிர்பார்ப்பு மூணு வழியா ஏறியிருக்கு. ஒண்ணு, காத்திருப்பு. நிலம் வாங்கி, திட்டம் போட்டு, உள்ளாட்சி கேளிக்கை வரியில் விலக்கு கேட்டு இந்தப் பூங்கா பல வருஷம் நின்னது. நாம ஸ்கூல் படிக்கும்போதே "வரப் போகுது, வரப் போகுது"ன்னு கேட்ட விஷயம். ரெண்டு, ரீல்ஸ். முப்பது செகண்டில் தஞ்சோராவின் உச்சி, தண்ணி ரைடின் சறுக்கல், ஒரு சிரிப்பு. அந்த முப்பது செகண்டுக்கு முன்னாடி நின்ன வரிசையை யாரும் எடிட்டில் வைக்கிறதில்லை. மூணு, விலை. திறப்பு நேரத்தில் அறிவிச்ச டிக்கெட் 1,489 ரூபாய். காலேஜ் ஐ.டி. கார்டு காட்டினா 20 சதவீதம் தள்ளுபடி, அதாவது சுமார் 1,191. நம்ம அப்பா அம்மா தலைமுறைக்கு ஸ்கூல் டூர்னா தாம்பரம் பக்கத்துல கிஷ்கிந்தா, இல்லேன்னா ஈ.சி.ஆர்.ல வி.ஜி.பி. அங்கே போய் வந்தவங்க மனசுல ஒரு விலை இருக்கும். அதை வச்சுப் பார்க்கும்போது இந்த விலை ஒரு வாக்குறுதி மாதிரித் தெரியும்.

வரிசைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

இப்போ கிடைக்கிறது என்னன்னு பார்ப்போம். எந்த ரைடுக்கும் ஒரு மணி நேரத் திறன் உண்டு. வண்டியில் எத்தனை சீட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை வண்டி கிளம்புது, இந்த ரெண்டையும் பெருக்கினா வர்ற எண் அது.

ஒரு கோஸ்டரில் 20 சீட்டு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளம்புதுன்னு வைங்க. மணிக்கு 30 தடவை, 600 பேர். (இது கணக்கைப் புரிஞ்சுக்க நான் போட்ட எண், தஞ்சோராவின் எண் இல்லை.) பாக்கெட்ல இருந்து போனை எடுத்து வைக்க ஒருத்தர் லேட் பண்ணினா, பெல்ட்டை ரெண்டாம் முறை செக் பண்ண வேண்டியிருந்தா, ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷம் ஆகும். அப்போ மணிக்கு 400 பேர்தான். மெஷின் அதே மெஷின், திறனில் மூணில் ஒரு பங்கு போயிடுச்சு. பெல்ட் செக் பண்றதைக் குறைக்கவே கூடாது. குறைக்க வேண்டியது நம்ம செல்ஃபி நேரம்.

அடுத்த படி. ஒரு நாளைக்கு 6,500 பேர் வரை வரலாம்னு திறப்பு சமயத்தில் சொன்னாங்க. பூங்கா 7 மணி நேரம் ஓடுதுன்னு எடுத்துக்கலாம். நம்ம உதாரண கோஸ்டர் ஒரு நிமிஷம் கூட நிக்காம ஓடினாலும் 7 மணி நேரத்தில் 4,200 பேரைத்தான் ஏத்த முடியும். பூங்கா நிரம்பிய நாளில் எல்லாருமே அதில் ஏற ஆசைப்பட்டா, 2,300 பேருக்கு ஒரு தடவை கூட இடம் கிடைக்காது. சின்னப் பசங்க, பயப்படுறவங்க, தண்ணி ரைடை விட்டு வராதவங்க இவங்களைக் கழிச்சா நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஆனா விளம்பரத்தில் முன்னாடி நிக்கிற ரைடு எதுவோ, அதுக்கு முன்னாடிதான் வரிசையும் நீளமா இருக்கும். இது எந்த நாட்டுப் பூங்காவுக்கும் பொருந்தும்.

வரிசையில் நிற்கும்போது எவ்வளவு நேரம் ஆகும்னு நாமே கண்டுபிடிக்கலாம். எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி அது. லிட்டில்ஸ் லா ஞாபகம் இருக்கா? முன்னாடி நிக்கிறவங்க எண்ணிக்கையை, மணிக்கு ஏறுறவங்க எண்ணிக்கையால் வகுத்தா காத்திருக்கும் நேரம். 300 பேர் நிக்கிறாங்க, மணிக்கு 600 பேர் ஏறுறாங்க, அப்போ அரை மணி நேரம். ரெண்டு வண்டி கிளம்புறதுக்கு நடுவில் வாட்ச் பார்த்தா போதும், மீதி மனக்கணக்கு.

காசு கூடக் கொடுத்து வேற வரிசையில் போற ஃபாஸ்ட் டிராக் முறை பல பூங்காக்களில் உண்டு. டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் கொண்டு வந்தது, ஆனா அப்போ அது இலவசம். பிறகுதான் இந்தத் துறையில் அது காசுக்கு விக்கிற பொருளா மாறிச்சு. இதனால சீட்டு ஒண்ணும் கூடாது. மணிக்கு 600 சீட்டில் 200 சீட்டு வேகமான வரிசைக்குப் போனா, சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது 400. நம்ம முன்னாடி அதே 300 பேர்தான், ஆனா அரை மணி நேரம் இப்போ முக்கால் மணி நேரம். நியாயமில்லாத காத்திருப்பு இன்னும் நீளமாத் தெரியும்னு மேஸ்டரும் சொல்லியிருக்கார்.

உத்திரமேரூரிலிருந்து போனால்?

இதுதான் எனக்கு முக்கியமாப்படுற இடம். நம்ம ஊரிலிருந்து இள்ளலூர் ஐம்பது அறுபது கிலோமீட்டர். மேப்பில் பார்த்தா பக்கம்தான். பஸ்ஸில் போறவங்களுக்கு உத்திரமேரூர் டு செங்கல்பட்டு, அங்கிருந்து திருப்போரூர், அங்கிருந்து பூங்கா. வழியில் காத்திருக்கிறதையும் சேர்த்து, ஒரு பக்கம் ரெண்டரை மணி நேரம்னு வைப்போம். கடைசி பஸ் பயத்தில் மாலை 5 மணிக்கே கிளம்பணும். காரில் வர்றவங்க 7 மணி நேரம் உள்ளே இருந்தா, நாம 5 மணி நேரம் இருப்போம். சாப்பாடு, லாக்கர், டிரஸ் மாத்துறது இதுக்கு ஒன்றரை மணி நேரம் ரெண்டு பேருக்குமே போகும்.

கூட்டமான நாளில் வரிசை, ரைடு, அடுத்த ரைடுக்கு நடை எல்லாம் சேர்த்து ஒரு ரைடுக்கு 40 நிமிஷம்னு வைங்க. காரில் வந்தவருக்கு 8 ரைடு. நமக்கு 5. கூட்டமில்லாத நாளில் ஒரு ரைடுக்கு 20 நிமிஷம்னா அவருக்கு 16, நமக்கு 10.

1,489 ரூபாயை இதால் வகுத்துப் பாருங்க. கூட்டமில்லாத நாளில் காரில் வந்தவருக்கு ஒரு ரைடு 93 ரூபாய். கூட்டமான நாளில் பஸ்ஸில் போனவருக்கு ஒரு ரைடு 298 ரூபாய். ஒரே டிக்கெட், ஒரே பூங்கா, மூணு மடங்கு வித்தியாசம். குரூப்பில் சண்டை போட்ட ரெண்டு கோஷ்டியும் உண்மையைத்தான் சொல்றாங்க. அவங்க வாங்கிட்டு வந்தது வேற வேற நாள்.

இன்னொரு கணக்கும் போடணும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்கு தமிழ்நாட்டுக்கு நிர்ணயிச்ச தினக்கூலி 336 ரூபாய். அப்பா, அம்மா, காலேஜ் படிக்கிற ரெண்டு பிள்ளைங்க போனா டிக்கெட் மட்டும் சுமார் 5,360 ரூபாய். கிட்டத்தட்ட 16 நாள் கூலி. பஸ், சாப்பாடு தனி. இப்படிச் சேர்த்து வச்சுப் போற குடும்பத்துக்கு இது "அடுத்த மாசம் இன்னொரு தடவை போகலாம்"ங்கிற விஷயம் கிடையாது. ஒரே ஒரு தடவை. அந்த ஒரு நாள் கூட்டமான ஞாயித்துக்கிழமையா அமைஞ்சா 5 ரைடோட முடிஞ்சிடும். வசதி இருக்கிறவருக்கு ஏமாற்றம்னா ஒரு மோசமான ரிவ்யூ. இவங்களுக்கு அது பதினாறு நாள் வேலை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான்

அமெரிக்காவில் டிஸ்னிலேண்டு 2019 மே 31-இல் ஸ்டார் வார்ஸுக்காக 14 ஏக்கரில் புதுப் பகுதி திறந்தது. திறந்த அன்னைக்கு அதில் ஓடிய ரைடு ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் எதிர்பார்த்த ரெண்டாவது ரைடு 2020 ஜனவரி 17-இல்தான் வந்தது. கூட்டம் தாங்காதுன்னு முதல் சில வாரத்துக்கு முன்பதிவு முறை வச்சாங்க. நடந்தது தலைகீழ். கூட்டத்துக்குப் பயந்தே பலர் வரலை, அந்தக் கோடையில் பூங்காவுக்கு வந்தவங்க எண்ணிக்கை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அடுத்த ரெண்டே வாரத்தில், 2019 ஜூன் 13, ஆர்லாண்டோவின் யுனிவர்சலில் ஹாரி பாட்டர் உலகத்து ஹாக்ரிட் கோஸ்டர் திறந்தது. முதல் நாளே வரிசை பத்து மணி நேரம் வரை போச்சு. பல்லாயிரம் கோடி போட்டவங்களாலயே எதிர்பார்ப்பையும் சீட்டையும் சமன் செய்ய முடியலை. திறந்த முதல் வருஷம் எந்தப் பூங்காவுக்கும் பரீட்சைக் காலம்தான்.

சரி, போகலாமா?

போகலாம். தஞ்சோரா மாதிரி ஒரு கோஸ்டரைப் பார்க்க இனி நாம விமானம் ஏற வேண்டாம். மெக்கானிக்கல் பசங்களுக்கு அது ஒரு ஐ.வி.க்குச் சமம். ஆனா நாளைத் தேர்ந்தெடுக்கிறதுதான் பாதி டிக்கெட்.

வார நாளில், பள்ளி லீவு இல்லாத சமயத்தில் போங்க. பஸ் மாறி மாறிப் போறதுக்கு, இருபது முப்பது பேர் சேர்ந்து ஒரு வேன் அல்லது பஸ் பிடிச்சா, தலைக்கு ஆகிற கூடுதல் செலவுக்கு ரெண்டு மணி நேரம் கையில் கிடைக்கும். மேலே போட்ட கணக்குப்படி அது கூட்ட நாளில் 3 ரைடு, கூட்டமில்லாத நாளில் 6 ரைடு. கேட் திறக்கும்போதே உள்ளே இருந்தா முதல்ல பெரிய கோஸ்டர், வெயில் ஏறினதும் தண்ணி ரைடுகள். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அன்னைக்கு உள்ள விலை, பராமரிப்புக்காக எந்த ரைடாவது மூடியிருக்கா, உயர வரம்பு என்ன, இது மூணையும் பார்த்துடுங்க. தம்பி தங்கச்சியைக் கூட்டிட்டுப் போய் உயரம் பத்தாம கேட்டில் நிறுத்தினா, அதைவிடப் பெரிய சோகம் கிடையாது.

பூங்காக்களும் ஒண்ணு செய்யலாம். ஒவ்வொரு ரைடுக்கும் இப்போ எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு வெப்சைட்டில், டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே போடலாம். வெளிநாட்டில் பல பூங்காக்கள் ஆப்பில் காட்டுறாங்க. செங்கல்பட்டில் பஸ் மாறுற ஒருத்தர் அதைப் பார்த்துட்டு, இன்னைக்கு வேண்டாம், செவ்வாய்க்கிழமை வரலாம்னு முடிவு பண்ணலாம். தொழில்நுட்பமா இது பெரிய வேலையே இல்லை. ஒரு கேமரா, ஆட்களை எண்ணும் ஒரு புரோகிராம், ஒரு வகுத்தல் கணக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஜூனியர்ஸ், மினி ப்ராஜெக்ட் டைட்டில் தேடிக்கிட்டு இருந்தா எடுத்துக்குங்க. நம்ம கேன்டீன் வரிசையிலேயே டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்.