பதிவேட்டில் பதினேழு, வண்டியில் எத்தனை?

பதினைந்தாவது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் 31 வரை. மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனமாக்க மத்திய அரசு 2023-ல் தொடங்கிய 5,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கும் அதுதான் கெடு. இதையொட்டி நாமக்கல் பக்கமிருந்து, குறிப்பாகக் கொல்லிமலையிலிருந்து, வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கடிதங்களிலும் ஒரே குழப்பம்: பணம் வந்தால் மலைக்கு ஆளும் வருமா?

வராது. புதிய நிலையங்கள், பயிற்சி மையங்கள், நவீனக் கருவிகள், தலைமையக மேம்பாடு, தொழில்நுட்பம் ஆகியவைதான் திட்டத்தின் தலைப்புகள். சம்பளம் அதில் இல்லை. ஆளுக்கான செலவு காலம் முழுக்க மாநிலத்தின் தலையில். ஆகவே அரசு அறிக்கையில் ‘விரிவாக்கம்’ என்று பார்த்தால், கட்டடமும் வண்டியும் என்று படித்துக்கொள்வது நல்லது.

அதே போலத்தான் ‘அனுமதிக்கப்பட்ட பணியிடம்’ என்ற சொல்லும். அது கோப்பில் உள்ள எண். நள்ளிரவு இரண்டு மணிக்கு அழைப்பு வரும்போது வண்டியில் ஏறுவது வேறோர் எண். இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை யாரும் மக்களிடம் விளக்குவதில்லை.

ஒரு தண்ணீர் வண்டிக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் வண்டியை விட்டு நகர முடியாது. பம்பை இயக்குவது அவர்தான். பொறுப்பாளர் வெளியே நின்று கூரை, சுவர், காற்று மூன்றையும் கவனிக்க வேண்டும். மீதி நாலு பேர். ஹோஸின் முனையில் உள்ள பிராஞ்சை அழுத்தத்தோடு பிடிக்க இருவர். ஹோஸை இழுத்து இணைக்கவும், உள்ளே போனவர்களுக்கு ஒன்று ஆனால் போய்த் தூக்கவும் இருவர். அமெரிக்காவில் இரண்டு பேர் உள்ளே போனால் இரண்டு பேர் வெளியே தயாராக நிற்க வேண்டும் என்பது சட்ட விதி. அங்கே வண்டிக்குக் குறைந்தது நாலு பேர் என்பது தரநிலை.

ஆறு இருக்கைகள், வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால் ஓர் இருக்கைக்கு மூன்றரைப் பேர். ஆறுக்கு 21 பேர். ஈட்டிய விடுப்பு, தற்செயல் விடுப்பு, பயிற்சி, காய்ச்சல், வீட்டு விசேஷம் எல்லாம் சேர்த்தால் இருக்கைக்கு நாலு பேருக்கு மேல், அதாவது மொத்தம் 24-ஐத் தாண்டும். நிலையத்துக்கு அனுமதி 17 என்றால்? எட்டு மணி நேர ஷிப்ட் அங்கேயே அடிபட்டுப் போகும். ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு என்று வைத்தால்தான் கணக்கு ஒப்பேறும். அப்போது ஆளுக்கு வாரம் சராசரி 84 மணி நேரம். நிலைய அலுவலரைத் தவிர்த்தால் ஒரு முறைக்கு எட்டுப் பேர். அதில் ஓரிடம் காலி, ஒருவர் விடுப்பு, ஒருவர் ஹெலிபேட் பாதுகாப்புக்கு, ஒருவர் திருவிழாப் பணிக்கு வெளியூர். மிச்சம் நாலு பேர். கோப்பில் யாரும் பொய் எழுதவில்லை. 17 என்பது 17-ஆகவே இருக்கிறது. எனக்கு இதில்தான் பெரிய கவலை.

சமவெளி நகரத்தில் இந்தக் குறை வெளியே தெரியாது. முதல் வண்டியில் நாலு பேர் வந்தாலும் பக்கத்து நிலையத்து வண்டி கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். கொல்லிமலையில் அப்படி நடக்காது. அடுத்த வண்டி நாமக்கல்லில் இருந்து கிளம்பி, காரவள்ளி அடிவாரம் வந்து, 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். 4,500 லிட்டர் தண்ணீர் என்றால் நாலரை டன். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த எடை ஒரு பக்கமாகச் சாயும். ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேகம் எடுக்க முடியாது. மழைக்காலத்தில் சாலையில் மரம் விழுந்து கிடந்தால் அதை அறுத்து அகற்றுவதும் இதே துறையின் வேலை.

ஆனால் ஆள் ஒதுக்கும் விதி மக்கள்தொகையைப் பார்க்கிறது. மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த பழைய அளவுகோல், 50,000 பேருக்கு ஒரு வண்டி. கொல்லிமலை அந்த எண்ணைத் தொடாது. அதே குழு, கிராமப்புறத்தில் 20 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்றும் சொன்னது. சுமார் 280 சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு இந்த இரண்டாவது விதியை வைத்துத்தான் ஆள் போட வேண்டும் என்பது என் கருத்து. துணைக்கு வண்டி வராத இடத்தில் முதல் வண்டியே முழு ஆட்களோடு போக வேண்டும். தீ விபத்து குறைவு என்று காட்டி மலையில் ஆளைக் குறைப்பது ஆபத்தான சிக்கனம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

புதிய ஆட்கள் எடுக்கவே இல்லையா? எடுக்கிறார்கள், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் 2025 அறிவிப்பில் மாநிலம் முழுமைக்கும் 631 தீயணைப்போர் பணியிடங்கள்.

மலை இளைஞர்கள் விண்ணப்பிக்கலாமா? பத்தாம் வகுப்பு போதும். பழங்குடியினருக்கு உயரத்தில் தளர்வு உண்டு, 167 செ.மீ.

தேர்வானால் கொல்லிமலையிலேயே பணியா? உத்தரவாதம் இல்லை.

காட்டுத்தீ யார் பொறுப்பு? வனத்துறை, 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்தது போல மனிதர்கள் சிக்கிக்கொண்டால் எல்லாத் துறையும் ஓட வேண்டியிருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்பது? பணியிட எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். கடந்த மூன்று மாதங்களில் ஒவ்வோர் இரவும் பணியில் இருந்தவர்களின் எண்ணிக்கையைத் தேதிவாரியாகக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.