டிராக்டர் இழுவைப் பெட்டிகளைத் துருவினின்றும் வெடிப்பினின்றும் காத்தல்

விவசாயிகளின் உடைமைகளுள் டிராக்டருக்கு அடுத்தபடியாக அதிக முதல் முடங்கிக் கிடப்பது அதன் பின்னே இழுக்கப்படும் இரும்புப் பெட்டியிலேயாகும். ஆயினும் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற நாள் தவறாதவர்களும் பெட்டியின் அடிப்பாகத்தை ஆண்டுக்கொரு முறையேனும் குனிந்து பார்ப்பது அரிது. திண்டுக்கல் ஜில்லா, ஆத்தூர் தாலுகாவைச் சேர்ந்த சித்தையன்கோட்டை முதலிய ஊர்களில் நெல்லும், தேங்காயும், தொழுவுரமும், செங்கல்லும், மணலும் ஒரே பெட்டியிலேயே ஏற்றப்படுகின்றன. பாரத்துடன் செம்பட்டிச் சாலையில் செல்லும்போது இழுவைச் சட்டம் முறியுமாயின் நஷ்டம் இரும்போடு நிற்பதில்லை. பின்னே வருவோரின் உயிருக்கும் ஹானி நேரிடும். ஆதலால் இவ்விஷயத்தில் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் சிரத்தை கொள்ளுதல் அவசியமாகும்.

துருவின் காரணம்

இரும்பு, ஈரம், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினாலன்றித் துரு உண்டாவதில்லை. அவற்றோடு உப்பும் சேருமாயின் அதன் வேகம் பன்மடங்காகும். பொட்டாஷ் உரம் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு; இது சமையல் உப்பின் இனத்தைச் சேர்ந்தது. அம்மோனியம் சல்பேட்டு நீரில் கரைந்தால் புளிப்புத் தன்மை அடையும். தொழுவுரத்திலுள்ள கோமூத்திரத்திலும் உப்புக்கள் உண்டு. இவற்றை இறக்கிய பின் பெட்டியைக் கழுவாமல் விட்டால், மூலைகளிலும் தகட்டின் மடிப்புக்களிலும் தங்கிய தூள் பனியிலும் மழையிலும் ஈரத்தை ஈர்த்து இரவு பகலாக இரும்பை அரிக்கும். துருவானது தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், இரண்டு தகடுகளுக்கிடையே புகுந்தால் அவற்றைப் பிதுக்கிப் பிரித்துவிடும்.

துருவினால் தேசத்துக்கு உண்டாகும் நஷ்டத்தைக் குறைக்கும் வழிகளை, 1948-ஆம் ஆண்டில் காரைக்குடியில் நிறுவப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து வருகிறது. விவசாயி செய்ய வேண்டியவையோ எளியவை.

தடுக்கும் முறை

உரம் இறக்கிய அன்றே பெட்டியை நல்ல நீரால் கழுவி, பின்கதவைத் திறந்து, முன்புறம் சற்று உயரும்படி நிறுத்தி நீரை வடியவிட வேண்டும். தரைத் தகட்டின் தாழ்ந்த மூலைகளிலுள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபடாதிருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழைக்குப் பெட்டியைத் திறந்தவெளியில் விடலாகாது.

வர்ணம் பூசுவதற்குப் பங்குனி, சித்திரை மாதங்களே ஏற்றவை. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை இரும்பு பளிச்சிடும் வரை சுரண்டி, கழுவி, நன்கு உலர்த்தி, அன்றே ரெட் ஆக்சைடு பூச்சு கொடுக்க வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் மீண்டும் துரு படியும். அது காய்ந்தபின் எனாமல் வர்ணம் இரு முறை பூசுக. துருவின் மேலேயே பூசிய வர்ணம் பொருக்காக உதிர்ந்துவிடும். பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசும் வழக்கமும் நல்லதன்று. அது நிலத்தில் சொட்டிக் கேடு செய்வதோடு பின்னால் வர்ணம் ஒட்டாதபடியும் செய்துவிடும்.

வெடிப்பைக் கண்டறிதல்

மேடுபள்ளமான வண்டிப் பாதையில் பாரம் ஏறி இறங்க, இரும்பு ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்து சோர்வடைகிறது. இழுவைச் சட்டம் அடிச்சட்டத்தோடு சேருமிடம், பற்றவைப்பு முடியுமிடம், துளைகளின் ஓரம், வில்பட்டைகளைத் தாங்கும் கால்கள் ஆகியவற்றிலேயே வெடிப்பு முதலில் தோன்றும். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பது திருக்குறள் படித்தோர் அறிந்ததே; அச்சு முறியுமுன் சட்டம் வெடிப்பதும் உண்டு.

கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பை அறிய ஓர் எளிய முறையுண்டு. சந்தேகமான இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிடுக. பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக்கட்டித் தூளைப் பூசுக. வெடிப்பிருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெண்மையின் மேல் கருமையான கோடாகத் தெரியும்.

சிறிய வெடிப்புத்தானே என்று அலட்சியம் செய்யலாகாது. 1943-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதியன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், துறையில் அசையாமல் நின்ற ஸ்கெனக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் இயல்புள்ள எஃகும், குறைபாடான பற்றவைப்பும் அதற்குக் காரணங்களாயின. தறையாணியால் இணைத்த தகடுகளில் வெடிப்பு ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடக்கூடும். பற்றவைத்த உடலிலோ அதற்குத் தடையில்லை.

பழுது பார்த்தல்

பட்டறைக்குப் பெட்டியை அனுப்பும்போது உடையவர் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. டிராக்டரிலிருந்து பெட்டியைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி எவரும் அடியில் புகலாகாது.

2. வெடிப்பின் இரு முனைகளுக்கும் சற்று அப்பால் சுமார் 6 மில்லிமீட்டர் துளையிட்டால் அது மேலும் ஓடாது.

3. வெடிப்பை மேலோடு மெழுகினாற்போல் பற்றவைப்பது வீண் வேலை. அதனைச் சாய்வான பள்ளமாகத் தேய்த்து, அடிவரை நிரம்பும்படி, ஈரமில்லாத வெல்டிங் குச்சிகளால் பற்றவைக்க வேண்டும். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

4. வெல்டிங் இயந்திரத்தின் எர்த் கம்பியை வேலை நடக்கும் இடத்தின் அருகிலேயே மாட்ட வேண்டும். இன்றேல் மின்சாரம் சக்கரப் பேரிங்குகளின் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

5. பலத்துக்காக வைக்கும் தகட்டின் முனைகள் சதுரமாக இராமல் கூம்பியிருத்தல் நலம். சதுர முனையில் பாரம் குவிந்து புதிய வெடிப்பு உண்டாகும்.

6. முறிந்த வில்பட்டையைப் பற்றவைக்கலாகாது. சூட்டினால் அதன் பதம் கெடுமாதலால் புதியது மாற்றுவதே முறை.

இழுவைச் சட்டத்தின் வளையமும் கொக்கியின் முளையும் தேய்ந்து மெலிந்திருந்தால் அவற்றையும் உடனே மாற்றுக. காவல் சங்கிலி ஒன்றை எப்பொழுதும் மாட்டியிருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்னர் ஒரு நாள் குறித்து, ஊரிலுள்ள பெட்டிகளையெல்லாம் ஓரிடத்தில் நிறுத்தி மேற்கூறிய மண்ணெண்ணெய்ச் சோதனையைச் செய்வித்தால் மிக்க பயன் விளையும். ஒரு புட்டி மண்ணெண்ணெயும் ஒரு கட்டிச் சுண்ணாம்பும் அற்பச் செலவே. அதற்குச் சோம்பி, பாரத்தோடு பெட்டியைச் சாலையில் இழப்பது விவேகமாகாது.