துன்ஹிந்தவுக்குப் போகுமுன்

இங்கே ஒரு துளி மழை இல்லாத நாளிலும் மலைநாட்டில் பெய்த மழையால் ஆறு பெருகும் என்பது வெருகல்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 335 கிலோமீற்றர் நீளமான மகாவலியின் ஒரு கிளைதான் நம் வெருகல் ஆறு. மலைக்குச் சுற்றுலா போகும்போதும் அதே விதிதான். ஆனால் நம்மிடம் வெள்ளம் வந்து சேர மணிக்கணக்கு, சிலவேளை நாட்கணக்கு ஆகும். அருவியடியில் சில நிமிடங்களே கிடைக்கும்.

பதுளைக்கு அருகே உள்ள துன்ஹிந்தவை எடுத்துக்கொள்வோம். மகாவலியில் கலக்கும் பதுளு ஓயா அங்கே 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. வீதியிலிருந்து காட்டுப் பாதையால் நடந்துபோய், மேடையில் நின்று பார்க்கலாம்.

எப்போது போவது?
பதுளையில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். அருவி நிறைந்து விழுவதும் ஆபத்து மிகுவதும் அப்போதுதான். மார்ச், ஏப்ரலிலும் பிற்பகலில் இடிமழை வரும். காலையில் போய் மதியத்துக்குள் திரும்புவது நல்லது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் வெளியிடுகிறது. மஞ்சளுக்கு மேல் போனால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மண்ணுக்குள் புதைந்த மீரியபெத்த தோட்டமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆறு பெருகுவதை எப்படி அறிவது?
தெளிந்த நீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் கூடும். போனவுடன் கரையோரக் கல் ஒன்றைக் குறித்துவையுங்கள். அது மூழ்கத் தொடங்கினால் நீர் ஏறுகிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். பையையோ செருப்பையோ எடுக்கத் திரும்பாதீர்கள். ஆற்று நடுவில் உள்ள பாறையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே வேண்டாம்; நீர் ஏறினால் கரைக்கு வழியிராது.

நீந்தத் தெரிந்தால் இறங்கலாமா?
கூடாது. நீர் விழும் இடத்தில் தெரியும் வெண்ணுரையில் பெரும்பகுதி காற்று. அது உடலைத் தாங்காது. விழுந்த நீர் அடிவரை இறங்கிச் சுழல்வதால், அகப்பட்டவரை மறுபடி அருவிக்குக் கீழேயே இழுத்துவிடும். சமவெளி ஆற்றில் பழகிய நீச்சல் அங்கே கைகொடுக்காது. மேலேயிருந்து கல் ஒன்று புரண்டு விழுந்தால், கீழே வரும்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். ஈரப் பாறையில் பாசி படிந்திருக்கும். படம் எடுப்பதற்கு மேடையே போதும்.

யாராவது விழுந்துவிட்டால்?
பின்னால் குதிக்காதீர்கள், காப்பாற்றப் போனவரும் அதே சுழியில் சிக்குவார். கயிறு, முடிச்சிட்ட சாரங்கள், மூடிய வெற்றுக் கான் என எது கிடைத்தாலும் கரையில் நின்று எறியுங்கள். ஒருவர் உடனே பொலிஸுக்கு 119, இலவச அம்புலன்ஸுக்கு 1990 அழைக்கட்டும். வான் புறப்படுமுன்பே இரண்டு இலக்கங்களையும் எல்லோருடைய போனிலும் பதிந்துவிடுங்கள்.