தரிசு ஓடுபாதை – 9: அட்டையில் அச்சிடாத எண்

சென்ற வாரம் சன்போர்டில் இறக்கை வெட்டி, கார்பன் குச்சி பதித்து, எய்லரானுக்குக் கீல் ஒட்டி முடித்தோம். இனி அந்தக் கீலை அசைக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சர்வோ. இந்த வாரம் முழுக்க அதற்கே.

டெல்டாவில் நமக்குப் பறக்கும் காலம் குறைச்சல். சம்பா அறுத்து, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்த பிறகு, பருத்தி போடாத வயலாகப் பார்த்துத்தான் இறங்க முடியும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவைக்கு உழவு ஓட்டிவிடுவார்கள். பங்குனியிலிருந்து வைகாசி வரை கிடைக்கிற இந்த வாரங்களில் ஒரு சர்வோ மண்டையைப் போட்டால், ரிச்சி தெருவிலிருந்தோ இணையக் கடையிலிருந்தோ மாற்று வந்து சேர்வதற்குள் ஒரு ஞாயிறு போய்விடும். ஆகவே மலிவு பார்க்க வேண்டியதுதான். ஆனால் எதில் மலிவு பார்ப்பது, எதில் பார்க்கக் கூடாது என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

ரேடியோ கண்ட்ரோல் விமானம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நடிகர் அஜித்குமார் ஞாபகம் வரும். 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா அணிக்கு அவர் ஆலோசகராக இருந்தார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் அந்த அணி இரண்டாம் இடம் பிடித்தது. போட்டிக்குப் போகும் அணிக்குப் பின்னால் கல்லூரி ஆய்வகம் நிற்கும். மன்னார்குடியிலோ திருவையாற்றிலோ மாடியறையில் ஃபோம் வெட்டுகிறவருக்கு மேசையும் ஒரு திருப்புளியும்தான். இந்தக் கட்டுரை அவருக்காக.

வயலுக்கு மேலே ட்ரோன், அதற்கும் மேலே சுகோய்

நெல்லுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனைப் பார்த்துவிட்டு நம் பக்கம் வரும் இளைஞர்கள், ‘இதற்கு எதற்கு சார் சர்வோ?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்த ட்ரோன் தன் மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே சாய்கிறது, திரும்புகிறது. விமானம் அப்படித் திரும்பாது. இறக்கையில் எய்லரான், வாலில் எலிவேட்டரும் ரடரும் அசைந்தால்தான் அது லூப் போடும், உருளும், பக்கவாட்டில் கத்தி மாதிரி நின்றபடி ஓடும்.

தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு 222-ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கியது. அந்த விமானத்திலும் விமானியின் கை எதையும் நேராக இழுப்பதில்லை. கையசைவு மின்குறிப்பாகப் போகிறது. ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர்கள் வாலையும் இறக்கை விளிம்பையும் அசைக்கின்றன. வேலை ஒன்றேதான். நம் விமானத்தில் அதைச் செய்வது ஒன்பது கிராம் எடையுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள, வாய்க்கால் தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ‘இத்தனை அடி திற’ என்று அவருக்கு உத்தரவு வருகிறது. திருகைச் சுற்றுகிறார், அளவுகோலைப் பார்க்கிறார், குறைந்தால் ஏற்றுகிறார், மிஞ்சினால் இறக்குகிறார். சர்வோவில் திருகு ஒரு சின்ன மோட்டாரும் பற்சக்கரங்களும். அளவுகோல் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். லஸ்கர் ஒரு சிறிய சிப். ரிசீவரிலிருந்து 20 மில்லி செகண்டுக்கு ஒரு முறை ஒரு துடிப்பு வரும். அதன் அகலம் 1500 மைக்ரோ செகண்ட் என்றால் நடு. 1000 ஒரு கோடி, 2000 மறு கோடி.

சிக்கல் ‘ஏறத்தாழச் சரி’ என்கிற இடத்தில் இருக்கிறது. உத்தரவுக்கும் அளவுக்கும் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் சிப் மோட்டாரை நிறுத்திவிடும். இந்த இடைவெளிக்கு டெட்பேண்ட் என்று பெயர். எஸ்.ஜி.90 வகைக்கு 10 மைக்ரோ செகண்ட் என்று குறிப்பேட்டில் போட்டிருப்பார்கள். 1000 மைக்ரோ செகண்டுக்குச் சுமார் 90 பாகை திரும்புகிற சர்வோவில் இது கிட்டத்தட்ட ஒரு பாகை. பற்சக்கரத் தளர்வு வேறு இதோடு சேரும்.

ஒரு பாகை என்ன பெரிய விஷயம்? சாதாரணமாக வட்டமடிக்கும் பயிற்சி விமானத்துக்கு ஒன்றுமில்லைதான். ஏரோபாட்டிக்ஸில் எலிவேட்டரை 45 பாகை வரை திருப்ப வேண்டியிருப்பதால் சர்வோ தண்டில் மாட்டும் கையை, அதாவது ஹார்னை, நீளமாகப் போடுகிறோம். அப்போது சர்வோவின் பிழை எலிவேட்டரில் இன்னும் பெரிதாகத்தான் போய்ச் சேரும். லூப் முடித்துக் குச்சியை விட்டால் விமானம் ஒரு முறை மூக்கைத் தூக்கும், அடுத்த முறை கவிழ்க்கும். டிரிம்மைத் திருகித் திருகிக் கை ஓய்ந்துவிடும். பறக்கத் தெரியவில்லை என்று ஓட்டுகிறவர் தன்னையே நொந்துகொள்வார். பழுது கையில் இல்லை, சர்வோவில்.

அட்டையில் டார்க் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் இருக்கும். நடுவுக்கு எவ்வளவு துல்லியமாகத் திரும்பும் என்று இருக்காது. நாம் தேட வேண்டிய எண் அதுதான். அதை வீட்டிலேயே அளக்கலாம்.

ஈர்க்குச்சிச் சோதனை

சுமார் இருநூறு ரூபாய்க்கு ஒரு சர்வோ டெஸ்டர் வாங்குங்கள். கைமுறை, நடு, தானியங்கி என்று மூன்று நிலை உள்ளதாக இருக்கட்டும். சர்வோவை ஒரு பலகைத் துண்டில் இரண்டு திருகால் இறுக்குங்கள். ஹார்னில் தென்னை ஈர்க்குச்சி ஒன்றை நூல் சுற்றி, ஒரு சொட்டுப் பசை விட்டு ஒட்டுங்கள். தண்டின் மையத்திலிருந்து குச்சியின் நுனி சரியாக 20 செ.மீ. இருக்க வேண்டும். நுனிக்குக் கீழே வெள்ளைத்தாள்.

டெஸ்டரைக் கைமுறையில் வைத்துக் குமிழை இடக்கோடிக்குத் திருப்பி, பொத்தானை அழுத்தி நடு நிலைக்கு மாற்றுங்கள். குச்சி வந்து நிற்கிற இடத்தில் கூரான பென்சிலால் ஒரு புள்ளி. பிறகு மறுபடி கைமுறைக்கு வந்து, வலக்கோடியிலிருந்து அதே மாதிரி. பத்துப் பத்து முறை செய்தால் தாளில் புள்ளிகள் இரண்டு கூட்டமாகச் சேரும். 20 செ.மீ. குச்சியில் ஒரு பாகை என்பது நுனியில் மூன்றரை மி.மீ. இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றரை மி.மீ.க்குள் அடங்கினால் அந்தச் சர்வோ எலிவேட்டருக்கு. மூன்று மி.மீ. வரை போனால் ரடருக்கு. அதற்கும் மேல் போனால் பிள்ளைகளின் பள்ளிக் கண்காட்சிக்கு எடுத்து வையுங்கள்.

அடுத்து தானியங்கி நிலையில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடு கை பொறுக்க வேண்டும். கரகரப்போ நடுக்கமோ கூடாது. சூடு ஆறுவதற்குள் புள்ளிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். காலையில் குளிர்ந்த மேசையில் தேறிவிட்டு, சித்திரை வெயிலில் வயலில் நடு மாறுகிற சர்வோக்கள் இங்கேதான் பிடிபடும்.

டார்க்கைப் பாதியாகப் படியுங்கள்

1.8 கிலோ-செ.மீ. என்றால், தண்டிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி 1.8 கிலோவை இழுக்கும், இரண்டு செ.மீ. தள்ளினால் 900 கிராம்தான். அதுவும் சர்வோ இழுக்க முடியாமல் நின்றுபோகிற எல்லை; வேலை செய்கிற அளவு அல்ல. ஆகவே பாதியை மட்டும் நம்புங்கள். விமானத்தின் வேகம் இரு மடங்கானால் எலிவேட்டர் மேல் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். மெதுவாக வித்தை காட்டும் 600 கிராம் ஃபோம் விமானத்துக்குப் போதுமான சர்வோ, அதே அளவுள்ள வேகமான விமானம் செங்குத்தாக இறங்கி எழும்போது போதாமல் போவது இதனால்தான்.

கடையில் கிடைப்பவை

எஸ்.ஜி.90: ஒன்பது கிராம், நைலான் பற்கள், விலை நூறு ரூபாயைச் சுற்றி. டவர்ப்ரோ பெயரில் அறிமுகமானாலும் இன்று யார் யாரோ செய்து அதே ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். ஒரே பையில் வந்த நான்கும் நான்கு விதமாக இருக்கலாம்.

எம்.ஜி.90எஸ்: உலோகப் பற்கள், விலை ஏறக்குறைய இரு மடங்கு. இதிலும் போலி உண்டு. மேல் சக்கரம் மட்டும் உலோகமாகவும் உள்ளே பிளாஸ்டிக்காகவும் இருக்கும். குறிப்பேட்டின்படி எடை 13.4 கிராம். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். எடை கணிசமாகக் குறைந்தால் அடியிலுள்ள நான்கு திருகையும் கழற்றி, மேல் மூடியைத் தூக்கிப் பார்த்துவிடலாம்.

ஈமேக்ஸ் இ.எஸ்.08 எம்.ஏ. ரகம்: சுமார் 12 கிராம், உலோகப் பற்கள். எஸ்.ஜி.90-ஐப் போலப் பல மடங்கு விலை. ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் குறைவு. நீங்கள் கொடுக்கிற கூடுதல் காசு அந்த ஒழுங்குக்குத்தான். இதற்கு மேலே ஹைடெக், சாவாக்ஸ், கே.எஸ்.டி. என்று ஆயிரங்களில் போகும். பால்சாவில் பெரிய விமானம் செய்யும் நாளில் அவற்றைப் பார்க்கலாம்.

கல்லூரி ரோபோ வேலைகளில் புழங்கும் எம்.ஜி.996ஆர் பற்றி ஒரு வார்த்தை. 55 கிராம், ஒன்பது கிலோ-செ.மீ.க்கு மேல் டார்க், விலையும் குறைவு. எண்ணைப் பார்த்து மயங்கிப் பெரிய விமானத்தின் எலிவேட்டருக்குப் போடாதீர்கள். பலம் உண்டு, ஈர்க்குச்சிச் சோதனையில் நிற்காது.

பல் உடைவதும் நல்லதே

உலோகப் பல்தான் எப்போதும் மேல் என்று சொல்ல மாட்டேன். இயந்திரம் அறுத்த வயலில் சாண் உயரத் தாள் நிற்கும். இறங்கும்போது எய்லரான் அதில் மாட்டினால் நைலான் பல் உதிர்ந்து அடியை அங்கேயே முடித்துவிடும். நஷ்டம் நூறு ரூபாய். உலோகப் பல் உதிராது. அடி கீலுக்கும் இறக்கைக்கும் போகும். அடிக்கடி விழும் ஆரம்பக் காலத்தில் எய்லரானுக்கு, சோதனையில் தேறிய நைலான் சர்வோவே போதும். எலிவேட்டர் பல் ஆகாயத்தில் உதிர்ந்தால் விமானமே போய்விடும். அங்கே உலோகம்.

குற்றவாளி வேறொருவர்

கெட்டது என்று தூக்கிப் போடும் சர்வோக்களில் சில கெட்டவையே அல்ல. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. மலிவானதாக இருந்தால், ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் கொடுக்க அதில் உள்ள பி.இ.சி. 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் உள்ள மூன்று செல் பேட்டரியை லீனியர் வகை பி.இ.சி. ஐந்தாகக் குறைக்கும்போது மிச்சமெல்லாம் வெப்பமாகத்தான் வெளியேறும். நான்கு சர்வோவும் ஒரே நேரத்தில் இழுத்தால் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் அணைந்து எழும். அந்த ஒரு நொடியில் விமானம் யார் பேச்சையும் கேட்காது. 3 ஆம்பியர் ஸ்விட்ச்சிங் பி.இ.சி. ஒன்றைத் தனியாகப் போட்டுவிட்டு அதன்பின் சர்வோவைக் குறை சொல்லுங்கள். டிஜிட்டல் சர்வோவுக்கு மாறுகிறவர்களுக்கு இது கட்டாயம். அது நொடிக்கு 50 முறைக்குப் பதில் நூற்றுக்கணக்கான முறை தன்னைத் திருத்திக்கொள்வதால் மின்சாரமும் கூடுதலாகக் குடிக்கும்.

வாய்க்காலிலோ சேற்றிலோ விழுந்த சர்வோவை அரிசி மூட்டைக்குள் புதைக்கும் பழக்கம் நெல் விளையும் ஊரில் வலுவாகவே இருக்கிறது. அரிசிக்குத்தான் கேடு. பேட்டரியை உடனே கழற்றி, மூடியைத் திறந்து, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஈர்க்குச்சியில் மறுபடி ஏற்றுங்கள். வேதாரண்யம், நாகை பக்கத்து உப்புக்காற்றில் பறப்பவர்கள் கனெக்டர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

எங்கே செலவழிப்பது

நான்கு சர்வோ வேண்டிய முதல் ஏரோபாட்டிக்ஸ் விமானத்துக்கு என் யோசனை: எலிவேட்டருக்கு ஈமேக்ஸ் தரத்தில் ஒன்று. மற்ற மூன்றுக்கு மலிவு ரகத்தில் ஐந்து வாங்கி, சோதித்துத் தரம் பிரியுங்கள். நெருக்கமாகப் புள்ளி வைத்த இரண்டு எய்லரானுக்கு, அடுத்தது ரடருக்கு, மிச்சம் உதிரிக்கு. விலை உயர்ந்த நான்கை வாங்குவதைவிட இது மலிவு. மலிவான நான்கைச் சோதிக்காமல் மாட்டுவதைவிடவும் கடைசிக் கணக்கில் மலிவு. ஒரு விழுகையில் புரொப்பெல்லரும் மோட்டார் தண்டும் இறக்கையும் போனால் மிச்சம் பிடித்த காசு அத்தனையும் கரைந்துவிடும்.

இறக்குமதி பற்றிக் கேட்டவர்களுக்கு: 2022 பிப்ரவரியில் வந்த தடை முழு ட்ரோன்களுக்குத்தான், உதிரி பாகங்களுக்கு இல்லை. இடத்தைப் பற்றி: 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும். தஞ்சை விமானப்படைத் தளத்தையும் திருச்சி விமான நிலையத்தையும் சுற்றியுள்ள பகுதிகளில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் வயல் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியில் விமானத்தை ஏற்றுங்கள்.

அடுத்த வாரம்: நல்ல சர்வோ போட்டும் வால் படபடக்கிறதா? புஷ்ராடையும் ஹார்ன் ஓட்டையையும் பார்ப்போம்.